கழற்றத் தெரியாத கை

ஸ்பேனர் வழுக்கி, விரல்முட்டி மறுபடியும் இன்ஜினில் இடித்தது. சுகுணாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பாரூர் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. கிணற்று மோட்டார் புகைந்துபோய், கம்பி மாற்றிச் சுற்ற வைண்டிங் கடைக்குப் போயிருந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். இன்று தண்ணீர் காட்டாவிட்டால் கதிரெல்லாம் பதராகிவிடும். அதனால்தான் கொட்டகையில் கிடந்த பழைய டீசல் இன்ஜினை வெளியே எடுத்தார்கள். அது கிளம்பும், கொஞ்சம் இருமும், நின்றுவிடும். சைலன்சருக்குள் கரி அடைத்திருந்தது. அதைக் கழற்றினால்தான் இன்ஜின் மூச்சுவிடும்.

ஊர் மெக்கானிக் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய்விட்டான். ஓசூரில் ஷிஃப்டில் இருந்த கணவன் விஜயகுமார் போனில் சிரித்தான். “நீதான இன்ஜின் கம்பெனிக்காரி? ரெண்டே நட்டு. என்னமோ ராக்கெட்டக் கழட்டச் சொன்னாப்ல பேசற.”

கம்பெனியில் அவள் வேலை எக்ஸாஸ்ட் குழாய்க்கு நட்டு முடுக்குவது. இன்ஜினில் பதித்த புத்தம்புது மரையாணி, அதாவது ஸ்டட்; அதன்மேல் எண்ணெய் மினுங்கும் நட்டு. இறுக்கம் போதும் என்று ரெஞ்ச் ‘டிக்’ என்றதும் கை நிற்க வேண்டும். இடப்பக்கமிருந்து அடுத்த இன்ஜின் வந்து நிற்கும். இத்தனை வருடத்தில் அங்கே அவள் எதையும் கழற்றியதில்லை. துருவேறிய நட்டைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் இந்த வீட்டில் “நான் இன்ஜின் செய்யறேன்” என்று நிமிர்ந்து சொன்னவள் அவள்தானே. இப்போது யாரைக் கோபித்துக்கொள்வது?

டீசல் ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி, ஒரு நட்டு எப்படியோ வந்துவிட்டது. மற்றது உருகி ஒட்டியதுபோல் இருந்தது.

“என்னம்மா, வருதா?” வரப்பில் குந்தியிருந்த மாமியார் நாகம்மா கேட்டாள்.

“வருது அத்தை.”

“காலையிலருந்து இதத்தான் சொல்ற. புள்ள பெக்கறவகூட இந்நேரம் பெத்துட்டு எழுந்திருப்பா.”

சுகுணா ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி, காலை ஊன்றி, மொத்த ஆத்திரத்தையும் சேர்த்து இழுத்தாள்.

டிக்.

கை தானாக நின்றது. உடம்பெல்லாம் லேசானது. “ஓகே” என்றது வாய். அடுத்த இன்ஜினுக்காகத் தலை இடப்பக்கம் திரும்பியும்விட்டது. அங்கே நெல் மட்டும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். ஸ்பேனருக்குள் நட்டு இருந்தது. நட்டுக்குள் ஒடிந்த ஸ்டட் இருந்தது.

“என்னா ஓகே?”

“ஒடச்சிட்டேன் அத்தை.” ஒடித்ததைவிட, அந்த ‘டிக்’குக்குச் சந்தோஷப்பட்டதுதான் அவளுக்கு அதிக அவமானமாக இருந்தது.

நாகம்மா எழுந்து வந்தாள். சைலன்சரைப் பிடித்து ஆட்டினாள். அது கையோடு வந்தது.

“வந்துடுச்சே! அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?”

“இனிமே மாட்ட முடியாது அத்தை. பாதி உள்ளயே நின்னுடுச்சு.”

“மாட்டச் சொல்லி யாரு கேட்டா? ஹேண்டில போடு. பயிரு காயுது.”

ஹேண்டிலைச் சுற்றினாள். சைலன்சர் இல்லாத இன்ஜின் காடே அதிரும்படி அலறியது. கரும்புகை அவள் முகத்தில் அடித்தது. குழாய் செருமி, சேற்றைத் துப்பி, பிறகு தண்ணீரைக் கொட்டியது.

“எனக்கு முடுக்கத்தான் தெரியும் அத்தை!” சுகுணா கத்தினாள். “கழட்டத் தெரியாது!”

நாகம்மா காதருகே கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சலித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்து நீட்டி, மடையைக் காட்டினாள்.

சுகுணா வாங்கிக்கொண்டாள். இன்னும் உரக்க, இன்னொரு முறை சொல்லிவிட்டு மடையை வெட்டப் போனாள்.