சம்பந்தி வீட்டு இழைப்பு மிஷின்

மோட்டார் மேல் கை வைத்ததுமே ஆதிகேசவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுட்டது. பல மாதமாக ஓடாமல் கிடக்கிற மிஷின் என்று சொல்லித்தான் சம்பந்தி கோவிந்தன் விலை பேச அவரை ஆனேக்கல்லுக்கு வரவழைத்திருந்தார். ஓடாத மோட்டார் சுடுமா? இவர் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறார். ஆறிக் கிடக்கும் மிஷினைப் போட்டால் தேய்ந்த பேரிங் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச நேரம் ஓடிவிட்டால் கத்தல் அடங்கிவிடும். ஒரு தரகன் இப்படிச் செய்திருந்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டலாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் என்ன செய்வது?

ஜீவனஹள்ளியில் கதவு, ஜன்னல் செய்யும் சின்னப் பட்டறை ஆதிகேசவனுடையது. பெங்களூரில் பார்த்த இடமெல்லாம் அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மரத்தைக் கையால் இழைத்துக்கொண்டிருந்தால் ஆர்டர் எல்லாம் அடுத்தவனுக்குப் போய்விடும். புது மிஷின் வாங்க வக்கில்லை. பழையது ஒன்று வாங்கியே தீரவேண்டும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இதையா? குனிந்து பார்த்தார். பிளேடு உருளையைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தில் மட்டும் பச்சை பெயின்ட் புதிதாக மின்னியது. நகத்தால் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் விரிசலை ஒட்டிய வெல்டிங். அசுர வேகத்தில் சுற்றுகிற உருளை அது. ஓடும்போது ஒட்டு விட்டுப்போனால் எதிரே நிற்பவன் கதி அதோகதிதான். எதிரே நிற்கப்போவது சாட்சாத் ஆதிகேசவன்.

வேறு சமயமாக இருந்தால் இதற்குள் ஊரைக் கூட்டியிருப்பார். வாய் கொஞ்சம் நீளம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் போட்ட பந்தலைப் பார்த்து, கால் சரியாக ஊன்றவில்லை, சாயப்போகிறது என்று எல்லார் எதிரிலும் சொன்னார். சொன்னபடியே சாய்ந்தும் விட்டது. பந்தலை அன்றைக்கே தூக்கி நிறுத்திவிட்டார்கள். அந்தப் பேச்சை மட்டும் மகள் தமயந்தி மாதக்கணக்கில் புகுந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் காலையில் கிளம்பும்போது மனைவி சரளா, எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தமயந்தி காபி கொண்டுவந்தாள். இளைத்திருந்தாள். வெளியே போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். அப்பா வந்திருக்கிறார் என்று கட்டியிருப்பாள் என ஆதிகேசவன் நினைத்துக்கொண்டார். டம்ளரை நீட்டியவள் அவருடைய நகத்தில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தாள்.

"நல்லா பாத்து சொல்லுப்பா," என்றாள்.

அந்த வீட்டில் பெண்கள் மிஷினைப் பற்றிப் பேசுகிற வழக்கமில்லை. கோவிந்தன் முறைத்தார், அவள் உள்ளே போய்விட்டாள். பார்த்துப் பேசு, மறுபடியும் என்னை மாட்டிவிடாதே என்று மகள் கெஞ்சுவதாகவே ஆதிகேசவனுக்குப் பட்டது.

மிஷின் நிற்கிற ஷெட்டை வாடகைக்குப் பேசி முடித்தாகிவிட்டது, சீக்கிரம் காலி செய்யவேண்டும் என்று கோவிந்தன் சொல்லிக்கொண்டே போனார். பிறகு தோளில் கை போட்டார்.

"வெளி ஆளுக்குக் குடுத்தா இன்னும் ஜாஸ்தி கெடைக்கும் சம்பந்தி. நம்ம ஆளாச்சேன்னுதான் உங்களைக் கூப்ட்டேன். மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் பேச்சு வந்தா, பாவம், கஷ்டப்படறது உங்க பொண்ணுதான்."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஆதிகேசவன் மிஷினைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல மிஷின்," என்றார்.

பொய் சொன்ன வாய்க்கு வெற்றிலையும் கிடைத்தது. தமயந்தியைத்தான் தட்டு கொண்டுவரச் சொன்னார்கள். அவள் வர வெகுநேரம் ஆயிற்று. அட்வான்ஸைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கோவிந்தனுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில், அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வா என்று மருமகளைத் தாராளமாக அனுப்பிவைத்தார்.

தமயந்தி ஒரு துணிப்பையோடு வந்தாள். அம்மாவுக்கு ஏதோ பலகாரம் என்று வாசலில் சொல்லிவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஆதிகேசவன் கையை நீட்டினார். அவள் பையைக் கொடுக்கவில்லை.

"என் துணிப்பா," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"காத்தாலேர்ந்து மாமா மிஷின ஓட்டிட்டே இருந்தாரு. நீ கைய வெச்சா கண்டுபுடிச்சுடுவ. கண்டுபுடிச்சா சும்மா இருக்க மாட்ட. சண்டை வரும், உன் பொண்ணக் கூட்டிட்டுப் போன்னு அவரே சொல்லுவாருன்னு நெனச்சேன். அவரு பையன் அடிக்கறாருப்பா. நானா வந்தா ஓடிவந்துட்டாம்பாங்க. துரத்தினா அந்தப் பேச்சு வராது."

எவளுக்காக ஆதிகேசவன் வாயை மூடினாரோ, அவளை உள்ளே வைத்தல்லவா கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்! இந்த பஸ்ஸிலேயே ஏறு என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

"வெத்தல மாத்திட்டியேப்பா. நல்ல மிஷின்னு ஊரு எதிர்ல சொல்லிட்ட. சம்பந்திங்க ஒத்துமையாத்தான் இருக்காங்க, பொண்ணுதான் சரியில்லைன்னு ஆயிடும். நீ போ."

பஸ் வந்தது. கண்டக்டர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ஆதிகேசவன் படியில் ஒரு காலை வைத்தார். கைப்பிடியைப் பிடித்த விரலில், நகத்தின் இடுக்கில், பச்சை பெயின்ட் இன்னும் இருந்தது. காலை இறக்கிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

இப்போது திரும்பிப் போய், ஒட்டுப்போட்ட மிஷின் என்று சொன்னால் கோவிந்தன் சும்மா விடமாட்டார். கொடுத்த வாக்கை மாற்றுகிறவன், பொய்யன் என்று அந்தக் கடைக்காரர்களை வைத்தே சிரிப்பார். அட்வான்ஸும் திரும்பி வராது. எல்லாம் ஆதிகேசவனுக்குத் தெரிந்தே இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பைய டீக்கடையில குடுத்துட்டு வா," என்றார் மகளிடம். "ரெண்டு பேருமா திரும்பி வந்து எடுத்துக்கலாம்."