‘அப்புறம் பார்க்கலாம்’

அக்காவின் மின்னஞ்சலைத் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அவளுக்குப் பார்வையும் மங்கிப்போயிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்து வந்தால் ஃபோனைக் கையில் எடுக்கவும் தெம்பிருக்காது. தம்பி அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஓர் ஒற்று கூடுதலாக இருந்தாலே அவன் கண்ணை உறுத்தும். பதினோராயிரம் கடிதங்கள் படிக்காமல் கிடப்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கை பரபரத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செருப்புத் தள்ளுபடி, பயணச் சலுகை, எடை குறைப்பு வகுப்பு எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினான். அதோடு விட்டிருக்கலாம். ‘இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லும் முகவரிகளிலிருந்து எது வந்தாலும் தானாகவே ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற ஃபோல்டருக்குள் போய் விழும்படியும் செய்துவைத்தான். மறுநாள் பெட்டியில் நான்கே கடிதங்கள். வீடு பெருக்கின மாதிரி இருக்கு என்று அக்கா சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து அக்கா வீட்டுக்காரர், மருந்துக்கடை ரசீது ஒன்றைத் தேடித் தரச் சொன்னார். அதற்காகத்தான் அந்த ஃபோல்டரைத் திறந்தான். மெத்தை விளம்பரத்துக்குக் கீழே, உறுப்பு மாற்றுப் பதிவகத்தின் அறிவிப்பு: காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. இன்னும் கீழே போனால் ஒரு நினைவூட்டல். அதற்கும் கீழே முதல் கடிதம். பட்டியலில் தொடர விரும்பினால் முப்பது நாளுக்குள் உறுதிசெய்யச் சொல்லியிருந்தார்கள். மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தான். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டுப் பதிவகத்துக்கு ஓடினான். அங்கிருந்த பெண் கெட்டவள் இல்லை. கணினியில் மூன்று முறை தேடிப் பார்த்தாள். மேலதிகாரியிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“புதுசாப் பதியலாம். ஆனா வரிசை இன்னையிலேருந்துதான்.”

ஐந்து வருடம் காத்திருந்த அக்கா ஒன்பதாவது இடத்தில் இருந்திருக்கிறாள். இப்போது நானூற்றுப் பன்னிரண்டு.

அவன் சொல்லி முடிக்கும்வரை அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையாவதாக இருந்தேன் என்று மட்டும் கேட்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். “ஒன்பதாவது,” என்றான்.

“மாமாகிட்ட சொல்லாதே,” என்றாள் அவள். “தெரிஞ்சா உன்னை இந்த வாசப்படி ஏற விடமாட்டார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உன்னை விட்டா யார் இருக்கா?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

அன்று சாப்பிடும்போது மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷத்துக்குள் நம்ம முறை வந்துவிடும் இல்லையா என்று கேட்டார்.

“வந்துடும்,” என்றாள் அக்கா.

மாமா அவன் பக்கம் திரும்பினார். தம்பியும் தலையாட்டினான்.