இடது பக்கக் குழாய்

கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து விழுந்த சத்தம், யாரோ ஒரு லாரி மணலைத் தலைக்கு மேல் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. கொல்லைப் பக்கம் திறக்கும் நிலவறையின் சாய்வுக் கதவு இடுக்கில் அதுவரை ஒரு கோடாகத் தெரிந்த பகல் வெளிச்சம் பட்டென்று மறைந்தது.

புரூனோ ஸ்கோவ்ரான் படியேறித் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பி நின்று முதுகைக் கொடுத்தார். முதுகில்தான் ஏதோ நொடித்தது. கதவு அப்படியே இருந்தது.

கீழே ஒற்றை பல்பின் அடியில் மனைவியின் தம்பி எமில், கையில் பளபளக்கும் ஜி.ஐ. குழாயோடு நின்றிருந்தான். காலையிலிருந்து நடந்த சண்டைக்குக் காரணமே அந்தக் குழாய்தான்.

வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்குப் போகும் கேஸ் குழாய் இற்றுப்போய், பாய்லர் நின்று, வீடே விறைத்துக் கிடந்தது. கறுப்புக் குழாய் வாங்கி வா என்று அனுப்பினால், இந்த மகராசன் தன் கராஜில் கிடந்த ஜி.ஐ. குழாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தண்ணீருக்கு ஜி.ஐ., கேஸுக்குக் கறுப்பு. பஃபலோ நகரத்தில் ரெஞ்சைத் தொட்டே பார்க்காதவனுக்கும் இது தெரியும். ஜி.ஐ. குழாயில் பூசிய துத்தநாகம் நாள்பட நாள்பட செதில் செதிலாக உரிந்து, கேஸோடு ஓடி, பர்னர் துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும். இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் கேஸை நிறுத்தச் சொல்லி அங்கேயே சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்.

"குழாய்னா குழாய்தான் மச்சான். உள்ள ஓடுற கேஸுக்கு வெளியில என்ன நிறம்னு தெரியுமா?" என்று கேட்டிருந்தான் எமில்.

"உனக்கே தெரியல. அதுக்கா தெரியப்போகுது."

அந்தக் கடுப்போடுதான் புரூனோ பழைய குழாயைத் திருகினார். மரை எல்போ வளைவுக்குள்ளேயே முறிந்து நின்றது. பாய்லர் வால்வை முதலிலேயே மூடித்தான் இருந்தார். ஆனால் அது அவருடைய அப்பா காலத்து வால்வு. மூடியும் மூடாமலும் இருந்தது. முறிந்த வாயிலிருந்து மெல்லிய சீறல். மூடி போட்டு அடைக்கலாம் என்றால், மாட்டுவதற்கு மரை மிச்சமில்லை. சரி, வெளியே போய்ச் சுவரோரத்து மீட்டரில் மெயினை மூடிவிட்டு வருவோம் என்று அவர் படியைப் பார்த்துத் திரும்பிய நேரத்தில்தான் பனி சரிந்தது.

வீட்டுக்குள்ளிருந்து இறங்குவதற்கு ஒரு படிக்கட்டு முன்பு இருந்தது. அதைப் பலகை வைத்து அடைத்துச் சமையலறை அலமாரியாக மாற்றியது எமில்தான். அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு. அதைச் சொல்லித் திட்ட வாயெடுத்த புரூனோ, அப்படியே மூடிக்கொண்டார். திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே.

வாடை ஏறத் தொடங்கியிருந்தது. அழுகின முட்டை வாடை.

சுடுதண்ணீர்த் தொட்டியின் அடியில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சுடரை ஓடிப்போய் அணைத்தார். பல்பு எரிகிறபடியே எரியட்டும், சுவிட்சில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று எமிலிடம் சொன்னார். பழைய சட்டையைக் கிழித்து, சோப்பைக் குழைத்துத் தடவி, முறிந்த வாயில் திணித்தார். சீறல் அடங்கியது. நிற்கவில்லை.

எமில் ரெஞ்சை எடுத்து நீராவிக் குழாயில் ஓங்கித் தட்ட ஆரம்பித்தான். மாடிக்குக் கேட்கும் என்பது அவன் கணக்கு. கேட்கத்தான் செய்தது. மாடியில் குடியிருக்கும் ஒடெஸ்ஸா கெய்ன்ஸ் அங்குமிங்கும் நடக்கிற சத்தம் கீழே தெளிவாக வந்தது. ஆனால் அவள் நிற்கவே இல்லை. ஏன் நிற்பாள்? கீழே தட்டுகிறோம், வெட்டுகிறோம், எவ்வளவு சத்தம் வந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள் என்று காலையில் அவளிடம் வேலைமெனக்கெட்டுச் சொல்லிவிட்டு வந்தவர் புரூனோவே.

ரெஞ்சை அவன் கையிலிருந்து பிடுங்கினார். இரும்போடு இரும்பு உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். அப்புறம் கதவைத் திறக்க ஆள் தேட வேண்டியதில்லை. கூரையும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். மாடியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கீழ்ப் போர்ஷனில் ஆளில்லை. புரூனோவின் மனைவி ஐரீன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள்.

எமில் படியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தான். தலை கிறுகிறுக்கிறது என்றான். பிறகு, "மச்சான், அந்தம்மா வீட்டுத் தண்ணிய நிறுத்துனா?" என்றான். "போன வருஷம் தண்ணி நின்னப்போ எப்படி இறங்கி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? இன்னும் என் காதுல கேட்குது."

புரூனோ அவனையே பார்த்தார். மூன்று வருடத்தில் எமில் வாயிலிருந்து வந்த முதல் நல்ல யோசனை.

பின்மூலையில் மாடிக்கு ஏறும் குழாய்கள் இரண்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒன்று தண்ணீர், ஒன்று அடுப்பு கேஸ். இரண்டிலும் ஒரே மாதிரிப் பழைய வால்வு, இரண்டிலும் கைப்பிடி போய்விட்டது, இரண்டும் தலையிலிருந்து கால்வரை வெள்ளி நிறம். அந்தத் தெருவில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு சில்வர் பெயின்ட் அடிக்காத வீடில்லை. அடித்து மிஞ்சியதை நிலவறைக் குழாயில் பூசாத ஆளுமில்லை. கறுப்பும் ஜி.ஐ.யும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சட்டையில் நின்றன.

தவறிப்போய் கேஸை மூடினால்?

புரூனோவுக்கு மாடி வீடு கண்முன் வந்தது. காலையில் மாடிக்குப் போனபோது பார்த்திருந்தார். வீட்டில் சூடில்லை என்று ஒடெஸ்ஸா அடுப்பின் எல்லாப் பர்னரையும் எரியவிட்டு, அடியிலிருக்கும் ஓவன் கதவையும் திறந்து வைத்திருந்தாள். உருக்காலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அவள் புருஷன் லைல், அந்த அடுப்புக்கு எதிரே தரையில் மெத்தை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கெல்லாம் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. கேஸை மூடினால் அடுப்பு அணையும். அதோடு போனால் பரவாயில்லை. மூடியது மறுபடி திறந்தால், எரியாத கேஸ் நேராகத் தூங்குகிறவன் மூக்குக்குப் போகும்.

கத்தியை எடுத்து இடது குழாயில் பெயின்ட்டைச் சுரண்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு. துத்தநாகம். அப்படியானால் ஜி.ஐ., அப்படியானால் தண்ணீர். எதற்கும் இருக்கட்டும் என்று வலது குழாயையும் சுரண்டினார்.

அதிலும் சாம்பல் மினுமினுப்பு.

புரூனோ மெதுவாகத் திரும்பினார். எமில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எமில்."

"நீங்க குடலிறக்க ஆபரேஷன்ல படுத்திருந்தீங்க மச்சான். மேல அடுப்புக் குழாய் ஒழுகுதுன்னாங்க. அக்கா உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னுச்சு. எங்கிட்ட அதுதான் இருந்துச்சு."

"அதுக்கு மேல பெயின்ட்டும் அடிச்ச."

"அழகா இருக்கணும்ல."

அடிக்கக் கை ஓங்கினால் கால் தள்ளாடியது. வாடை இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. மூக்கு மரத்துவிட்டது. அது நல்ல அறிகுறி இல்லை என்பது அவருக்குத் தெரியும். நீ மாற்றியது எந்தக் குழாய், யோசித்துச் சொல் என்றார். எமில் கண்ணை மூடினான், காற்றில் கையால் ரெஞ்ச் பிடித்துத் திருகிப் பார்த்தான். வலது, முழங்கை செங்கல் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது, தோல்கூட உரிந்தது, நிச்சயமாக வலது என்றான்.

வலது கேஸ் என்றால் இடது தண்ணீர். புரூனோ இடது வால்வில் ரெஞ்சைப் பொருத்தினார். எமில் சொன்னது தப்பாக இருந்தால் தெரியட்டும் என்று, மற்றொரு கையை வலது குழாயின் மேல் வைத்துக்கொண்டார். அழுத்தித் திருகினார். வால்வு முனகிக்கொண்டே மூடியது.

மாடியில் நடை நின்றது.

அடுத்து, மேலே தண்ணீர்க் குழாயைத் திறக்கும் கிரீச் சத்தம். வலது குழாய் புரூனோவின் உள்ளங்கைக்குள் நடுங்கியது. அதற்குள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய்லருக்கு எந்தப் பக்கம் நின்னு வேலை பார்த்த?" என்று கேட்டார்.

எமில் பாய்லரைப் பார்த்தான். அதன் பின்பக்கத்து இடுக்கைப் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும்.

"பின்னாடி," என்றான். சொன்ன கையோடு பாய்ந்து ரெஞ்சைப் பிடித்தான். "திறந்திடலாம் மச்சான். இப்பதான் அணைஞ்சிருக்கும். கவனிக்கிறதுக்குள்ள திறந்திட்டா ஒண்ணும் தெரியாது."

"விடுடா. மேல ஆள் தூங்குறான்."

எமில் காதில் அது ஏறவில்லை. இருபது வயது இளையவன், பயத்தில் இருமடங்கு பலம். ரெஞ்சு இந்தப் பக்கம் இழுபட்டது, அந்தப் பக்கம் இழுபட்டது. வால்வு திறந்துகொண்டது. குழாயில் கேஸ் மேலே ஏறும் இரைச்சலைப் புரூனோ காதால் கேட்டார். தலையால் எமிலின் மூக்கில் ஒரே முட்டு. அவன் சரிந்து விழுந்தான். புரூனோ ரெஞ்சைத் திருப்பி மூடினார். மூடியபோது வால்வின் நடுக்கட்டையைப் பிடித்திருந்த பின்பக்கத் திருகு படக்கென்று உடைந்து தரையில் உருண்டது.

கையை எடுத்தார். வால்வின் நடுக்கட்டை தானாகவே பின்னுக்கு நழுவி, மறுபடி சீறியது. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நின்றது.

எவ்வளவு நேரம் திறந்திருந்தது? அவரால் சொல்ல முடியவில்லை.

பின்படியில் தடதடவென்று காலடிகள் இறங்கின. வெளியே பனிக்கு அப்பால், பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒடெஸ்ஸாவின் குரல். சூடும் இல்லை, இப்போது அடுப்பும் இல்லை, இதற்கு நான் வாடகை வேறு தரணுமா என்று தொடங்கி, புரூனோவின் வம்சத்தில் யாரையும் மிச்சம் வைக்காமல் வந்தாள். சாய்வுக் கதவு இருந்த இடத்தில் பனிக்குன்றைப் பார்த்ததும் அந்தக் குரல் அறுந்தது. அடுத்துக் கேட்டது மண்வெட்டிச் சத்தம். எமில் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகப் படியேறிக் கதவைக் கையால் அறைந்தான்.

கதவு ஒரு சாண் திறந்தது. வெளிச்சமும் குளிரும் ஒன்றாக உள்ளே விழுந்தன. எமில் அந்த இடுக்கில் உடம்பை நெளித்து நுழைத்து வெளியே போனான்.

"வாங்க மிஸ்டர் ஸ்கோவ்ரான். என்னத்துக்கு அங்கேயே நிக்கிறீங்க? கட்டி அணைச்சுக்கிட்டு நிக்க அது என்ன உங்க பொண்டாட்டியா?" என்று மேலிருந்து குனிந்தாள் ஒடெஸ்ஸா.

"மிஸஸ் கெய்ன்ஸ், நான் சொல்றதக் கேளுங்க. மேல ஓடுங்க. ஜன்னலத் திறங்க, பிளாஸ்டிக்கக் கிழிச்சுப் போடுங்க. அடுப்புல எல்லாத் திருகையும் மூடுங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. உங்க புருஷன எழுப்புங்க. மூடிட்டு எனக்கு ஒரு குரல் கொடுங்க. அதுவரைக்கும் நான் கையெடுக்க முடியாது."

அவள் மண்வெட்டியை எமில் கையில் திணித்தாள். காலடிகள் பின்படியில் ஏறி ஓடின. மீட்டர் எங்கே புதைந்திருக்கிறதோ தோண்டி மெயினை மூடு என்று எமிலுக்குக் கேட்கும்படி கத்தினார். மண்வெட்டி சுவரோரமாக வெறிபிடித்ததுபோல் இறங்குவது கேட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. ஐந்தாறு படி ஏறினால் ஆகாயம். பிடரியில் பனிக்காற்று வந்து தட்டியது. புரூனோவின் உள்ளங்கை மரத்து, அழுத்துகிறாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போனது. அதனால் தோளையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டார்.

மாடியில் பிளாஸ்டிக் கிழிந்தது. ஜன்னல் சட்டம் தூக்கப்பட்டது. ஒடெஸ்ஸா புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

புரூனோ கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு இருமல். நீளமான, கரகரத்த, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும் இருமல். அதற்குப் பின்னால், எந்த மடையன் இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தது என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆண்குரல் எரிந்து விழுந்தது.

ஒடெஸ்ஸா திருகுகளை மூடினாளா என்பது இன்னும் தெரியவில்லை. கீழே குரல் கொடுக்கவும் இல்லை. புரூனோ முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, வால்வை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டு நின்றார்.