விரதம் இருந்த விரால்

கார்த்திகேசு மோட்டோ சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட எழுபத்தெட்டாம் ஆண்டில், புந்தோங்கில் மனிதர்களைவிட அவர் வீட்டுக் கப்பி மீன்கள்தாம் அதிகம் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சில் பொய் கொஞ்சம்தான். கூட்டாளி ஒருவன் பால் டின்னில் போட்டுக் கொடுத்த நாலைந்து கப்பிகள், கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கிய நாள் முதல் வேறு வேலையே பார்க்கவில்லை. முட்டையிட்டு அடைகாக்கிற சோலியெல்லாம் கப்பிக்குக் கிடையாது, நேராகக் குட்டிதான். காலையில் வயிறு உப்பி நின்ற மீன், கார்த்திகேசு பலகை ஆலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

தொட்டி நிறைந்தது, வாளி நிறைந்தது, துணி ஊறப்போடும் பேசின் நிறைந்தது. அக்கம்பக்கத்துக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். முதலில் ஆசையாக வாங்கியவர்கள், பிறகு அவர் கையில் டின்னைக் கண்டாலே சன்னலைச் சாத்தினார்கள். சிம்பாங் பூலாயிலிருந்து கல்யாணத்துக்கு அழைக்க வந்த சொந்தக்காரர்கள், "குடும்பத்தோட வந்துருங்கண்ணே, மீனை மட்டும் விட்டுட்டு வாங்க" என்று சொல்லித்தான் வெற்றிலை பாக்கையே நீட்டினார்கள்.

இந்த நிலைமையில்தான் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து அனுப்பினார்கள். சாப்பாட்டுக் கடை ஷரபுதீன் அன்றைக்கே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாளிக்குள் உயிரோடு ஒரு விரால். கார்த்திகேசுவின் மனைவி நவமணியின் கணக்கில் அது முழங்கை நீளம். ஷரபுதீன் கடையில் அதைப் பற்றிப் பேசியபோது ஓர் ஆள் உயரம்.

"மலாய்க்காரங்க ஹாருவான்னு சொல்றது இதுதாண்ணே. சூப்பு வச்சுக் குடிங்க. தையல் ஒட்டிக்கும். அடுத்த வாரம் பந்து விளையாடலாம்லா!"

நவமணி வாளியை எட்டிப் பார்த்துவிட்டுக் கைகளைப் பிசைந்தாள்.

"தம்பி, காலையிலதான் கோயில்ல வாக்குக் குடுத்துட்டு வாரேன். இவரு காலு நேரானா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு உயிரு போகாதுன்னு."

"மீனு கூடவா அக்கா?"

"கொசுவைக்கூட அடிக்கல தம்பி, ஊதித்தான் விடுறேன்."

ஆகவே சூப்பாக வந்த விரால் விருந்தாளி ஆயிற்று. கப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி, மேலே ஒரு பலகை. வீடே சைவம் என்றால் விராலும் சைவம்தான் என்று நவமணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். விடியலில் குளித்து, ஈரத் தலையோடு, முருகன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பருப்புச் சோற்றை உருட்டித் தொட்டியில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவாள். விரால் அந்தச் சோற்றைப் பார்க்கும் பார்வை, கடனைத் திருப்பிக் கேட்க வந்தவனைப் பார்க்கும் பார்வை.

சில நாளிலேயே அது அடியில் போய்க் கட்டையாகப் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் பட்டினி. அந்தப் பக்கம் தண்ணீர் தெரியாத அளவுக்குக் கப்பி. நடுவில் கால் கட்டோடு கார்த்திகேசு. அவர் எவ்வளவு நேரம்தான் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்?

நவமணி படி இறங்கியதும் ஊன்றுகோலை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தார். தேத்தண்ணி வடிகட்டியால் ஒரு கோலு கோலி, விரால் தொட்டியில் கவிழ்த்தார். விரால் கண் திறந்தது. லபக். தொட்டியே குலுங்கியது. நவமணி போட்ட சோறு அப்படியே கிடக்குமே? அதை அள்ளிக் கப்பிகளுக்குப் போட்டார். கப்பிகள் சோறு தின்று முன்னைவிட வேகமாகக் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளை மறுநாள் விரால் தின்றது. தன் மூளையை நினைத்துக் கார்த்திகேசுவுக்கே மெய்சிலிர்த்தது.

கோயிலிலிருந்து திரும்பிய நவமணிக்கும் மெய்சிலிர்த்தது. சோறு காலி. விரால் பளபளவென்று நீந்துகிறது. பக்கத்து வீட்டுக் காளியம்மாவைக் கத்திக் கூப்பிட்டாள்.

காளியம்மாவிடம் ஒரு சேதி சொன்னால் அது கமுந்திங்குக்குப் போக பஸ் தேவையில்லை. விரால் விரதம் இருக்கிறது, சோறு தின்கிறது, சதை போடுகிறது! பெண்கள் வரிசையாக வந்தார்கள். தொட்டிக் கண்ணாடியில் குங்குமம் ஏறியது. சாம்பிராணிப் புகையில் கப்பிகள் இருமின என்றுகூடச் சொன்னார்கள். கார்த்திகேசு கால் கட்டு அவிழ்ந்து ஊன்றுகோல் மூலைக்குப் போகும் வரை மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் பஜனைக் குழுத் தலைவர் ஐயாவு வந்தார். விராலைக் கும்பிட்டுவிட்டு ஈரக் கண்ணோடு சொன்னார்:

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல மச்சக் காவடி எடுத்தாரு கார்த்தி. உயிரோட மீனைக் கலயத்துல வச்சு முருகன்கிட்டத் தூக்கிட்டுப் போறது. அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. இந்த வருசம் நீதான் எடுக்கணும். விரதம் இருந்த மீனு, குணமான காலு. இதைவிட என்னப்பா வேணும்?"

"நானா?" என்றார் கார்த்திகேசு. மூலையில் கிடந்த ஊன்றுகோலை எடுத்து மறுபடியும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"அவரு எடுப்பாரு அண்ணே" என்றாள் நவமணி. "வாயில்லாத சீவன், எம் புருசன் காலுக்காக அது வாயைக் கட்டி இருக்கே. அதுக்கு இவரு இதுகூடச் செய்ய மாட்டாரா?"

அவள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வெறுந்தரையில் படுத்து எழுகிறவள். வளையல் முழங்கை வரை ஓடுகிற அளவுக்கு இளைத்திருந்தாள். கார்த்திகேசுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விராலையும் பார்க்க முடியவில்லை. அது அவரைக் கண்டதும் வாலை ஆட்டித் தொலைத்தது.

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று இன்னொரு மூளை வேலை செய்தது. வடிகட்டியை ஆணியில் மாட்டிவிட்டார். இனி மீன் நிஜமாகவே விரதம் இருக்கட்டும்!

மீன் இரண்டு நாள் கண்ணாடியை முட்டிப் பார்த்தது. பிறகு மறுபடியும் அடியில் படுத்துக்கொண்டது. சோற்றுருண்டைகள் ஊறி, வெடித்து, தண்ணீர் கஞ்சியாயிற்று. காளியம்மா கண்ணேறு என்று சொல்லித் தொட்டியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். நவமணி அந்த ஒருவேளைச் சாப்பாட்டையும் விட்டாள்.

"ஒரு வாய் சாப்பிடு புள்ள."

"அது சாப்பிடட்டும், நானும் சாப்பிடுறேன். நான் என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியலீங்களே. உங்க காலு மறுபடியும் வீங்குதா, பாருங்க."

நல்ல கால், கல் மாதிரி இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கார்த்திகேசு அந்தக் காலை வெட்டிப்போட இடம் தேடினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பஜனை. கூடம் கொள்ளாத கூட்டம். ஷரபுதீன் தேத்தண்ணி வாளியோடு வாசலில் நின்றார். ஐயாவு மீனுக்காகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே நவமணி தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள். காளியம்மா ஓடித் தாங்கிக்கொண்டாள்.

கார்த்திகேசு எழுந்தார். அடுப்படிக்குப் போனார், ஆணியிலிருந்து வடிகட்டியை எடுத்தார். அத்தனை பேர் பார்க்க, கப்பித் தொட்டியில் ஒரு கோலு கோலி, விரால் தொட்டியில் கவிழ்த்தார்.

லபக். லபக். கஞ்சித் தண்ணீர் ஐயாவுவின் சட்டையெல்லாம் தெறித்தது. விராலின் வாயோரத்தில் ஒரு கப்பி வால் கொடிபோல ஆடி உள்ளே போயிற்று. கைத்தாளம் நின்றது.

"அப்ப... தினமுமா அண்ணே?" என்றாள் காளியம்மா.

"தினமும்தான்லா." கார்த்திகேசு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் இதைக் கும்பிட்டேனேடா" என்றார் ஐயாவு, சட்டையைத் துடைக்காமல். ஷரபுதீன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

நவமணி மெல்ல நடந்து வந்தாள். முந்தானையால் கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தாள்.

"எத்தனை உயிருங்க?"

"எண்ணலம்மா."

"நான் உருட்டிப் போட்ட சோறு?"

இதைத்தான் அவள் கேட்கக் கூடாது என்று கார்த்திகேசு இத்தனை நாளாக முருகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கப்பிக்குப் போட்டேன்."

அவள் உள்ளே போய்த் தட்டில் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்து, விரால் தொட்டிக்கு எதிரே அத்தனை கூட்டத்தின் நடுவிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அது சாப்பிட்டிருச்சு. நானும் சாப்பிடணும்ல? என் குடத்தை நான்தானே தூக்கணும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஒவ்வொரு வாயாக நிதானமாகத் தின்றாள்.  கடைசிப் பிடியை மட்டும் அழகாக உருட்டி, கார்த்திகேசு பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க. இதையும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க."

வாங்கிக்கொண்டார். சூடாக இருந்தது. தின்பதா, போடுவதா என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கையில் சோற்றைக் கண்டதும், அந்தப் பக்கத் தொட்டியில் அத்தனை கப்பிகளும் ஒன்றுபோல மேலே வந்து, வாயைத் திறந்துகொண்டு, தினப்படி வழக்கமாகக் காத்திருந்தன.