பூட்டில்லாத பெட்டி

புக்கிட் மெர்தாஜாம் பாசார் வளைவில் ஆரோக்கியநாதன் வீட்டு லோரியிலிருந்து மரம் செதுக்கும் வாய்ச்சி ஒன்று தெறித்து, ஓரத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த நல்லம்மாளின் கணுக்காலில் விழுந்தது. ஆறு தையல். ஆரோக்கியநாதனே ரிக்‌ஷா பிடித்து அவளை மருந்து கட்டும் டிரெஸ்ஸரிடம் கொண்டுபோனார். தன் பெயரைச் சொன்னார். தன் வீட்டுத் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஜார்ஜ் டவுனில் தச்சு மேஸ்திரி என்றால் முப்பது வருஷமாக அந்தப் பெயர்தான் முதலில் வரும். அந்தப் பெயரில் இரத்தம் பட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் சுப்பையா மேஸ்திரியின் சுங்கை பினாங் பட்டறைக்கு வந்துவிட்டார். மெர்தாஜாமில் எழும்பும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அவர்தான் கண்டிராக்டர். அதன் கூரை வேலை ஆரோக்கியநாதனுடையது.

"மேஸ்திரி, ஒரே பேச்சு. லோரியில வர்ற கருவிப் பெட்டிக்குப் பூட்டு போடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை உங்க லோரி என் கேட்டுக்குள்ள வராது. வேற தச்சனைப் பார்த்துக்கிறேன்."

"பூட்டு வராது."

"அப்ப வேலையும் வராதுலா," என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார் சுப்பையா.

தம்பி பால்ராஜுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஒரு பூட்டுதானே? எல்லாரும் போடுறாங்க."

"இன்னிக்குப் பெட்டிக்குப் போடு. நாளைக்கு என் சாப்பாட்டுத் தட்டுக்கும் ஒண்ணு போடு."

அந்தக் குடும்பத்தில் கருவிப் பெட்டியைப் பூட்டும் வழக்கமே கிடையாது. பட்டறையில் பன்னிரண்டு பேர். யார் உளியும் யார் கைக்கும் போகும், மாலையில் தன்னிடத்துக்கு வந்துவிடும். பூட்டுவது பக்கத்தில் நிற்பவனைத் திருடன் என்று சொல்வது போல. அப்பா காலத்திலிருந்து ஒரு உளிகூடத் தொலைந்ததில்லை. ஆனால் அப்போதெல்லாம் பெட்டியை இரண்டு பேர் மூங்கிலில் மாட்டித் தோளில் சுமந்தார்கள். லோரி வந்தது போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில். பெட்டியைத் தூக்கி அதன் முதுகில் வைத்து, ஒரு தேங்காய்நார்க் கயிற்றை மேலே போட்டுக் கட்டிவிட்டு, வழக்கம் மாறவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்புதான் தவறு. அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள ஆரோக்கியநாதனுக்கு அரை நாள் ஆயிற்று.

ஒப்புக்கொண்டதும் அவர் லோரியின் பின்னால் ஏறி, பெட்டிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"எங்கண்ணே உக்கார்றீங்க?" டிரைவர் ஷேக் அலாவுதீன் திகைத்தார். "முன்னாடி சீட்டு இருக்கு."

"நீ ஓட்டு. குண்டு குழியில ஒண்ணையும் விடாதே."

ஒரு மணி நேரம் ஓட்டினார். இறங்கும்போது மேஸ்திரியின் இடுப்பு நிமிரவில்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. காலை மழையில் நனைந்து விறைத்திருந்த கயிறு, வெயிலில் காயக் காயத் தளர்ந்தது. பெட்டி வழுக்கவில்லை, குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் மூடியின் கொண்டியில் செருகியிருந்த இரும்பு முளை ஒரு நூலளவு மேலே ஏறியது. கடைசியில் கழன்று, மூடி வாயைப் பிளந்தது.

அடுத்த மூன்று நாளும் அவர் வேறு வேலை தொடவில்லை. லோரித் தளத்தில் குறுக்கே கனத்த ரீப்பர் சட்டங்கள் அடித்து, பெட்டியின் அடி அவற்றுக்குள் அசையாமல் உட்காரும்படி செய்தார். உள்ளே கனமான கருவிகள் கீழே, ரம்பங்கள் பக்கவாட்டில். உளிகளுக்குத் தனித்தனிக் குழி. வாய்ச்சிக்கு ஒரு மர உறை. மூடியின் மேல் ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தைப் பிடிக்க மேலிருந்து கீழே இறங்கும் ஆப்பு. குலுங்கக் குலுங்க அது இறுகும். கீழிருந்து கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

திங்கட்கிழமை காலை பால்ராஜும் கூட வர, ஃபெர்ரியில் கடலைக் கடந்து மண்டபத்து வாசலுக்குப் போனார்கள். சுப்பையா கேட்டைத் திறக்கவில்லை.

"பூட்டு எங்க?"

"இல்லை."

"அப்ப லோரியைத் திருப்புங்க."

"திருப்புறேன். அடிபட்டது நீங்க இல்லையே. அடிபட்டவங்க வேண்டாம்னா அப்படியே ஊருக்குப் போயிடுறேன். நீங்களும் கூட வாங்க."

சுப்பையாவும் பின்தொடர்ந்தார். பாசாரில் நல்லம்மாள் அதே வளைவில், கட்டுப்போட்ட காலை நீட்டிக் கீரையோடு உட்கார்ந்திருந்தாள். லோரியைப் பார்த்ததும், "என்ன மேஸ்திரி, மிச்சக் காலுக்கும் வந்துட்டீங்களா?" என்றாள்.

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ஆரோக்கியநாதனின் முகம் மாறவில்லை. லோரியிலிருந்து இறங்கி, அவளுக்கும் சாலைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். எது தெறித்தாலும் முதலில் தன் மேல்தான் விழ வேண்டும்.

"அலாவுதீன், ஓட்டு."

லோரி வளைவைச் சுற்றி வந்து, சாக்கடை மேல் போட்டிருந்த பலகையில் ஏறி இறங்கிப் போனது. ஒன்றும் விழவில்லை. இரண்டாவது முறையும் விழவில்லை.

"நத்தை மாதிரிப் போனா என்ன விழும்?" என்றாள் நல்லம்மாள். "அன்னைக்கு வந்த மாதிரி வரச் சொல்லுங்க."

"அவங்க சொன்னது கேட்டதா?" என்றார் மேஸ்திரி.

அலாவுதீனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? லோரி சீறிக்கொண்டு வந்தது. பலகையில் நான்கு சக்கரமும் தரையை விட்டெழுந்தன. சுப்பையா கடைக்குள் ஓடினார். ஆரோக்கியநாதன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. டணார் என்று எதுவோ விழுந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது: அலாவுதீனின் சோற்றுத் தூக்கு.

"சோறுதானே," என்று நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சோறு வெட்டாது."

பிறகு பால்ராஜின் தோளைப் பிடித்து எழுந்து, நொண்டி நொண்டி லோரிக்குப் போனாள். கொட்டாப்புளியை வாங்கி ஆப்பைக் கீழிருந்து தட்டினாள். முதல் தட்டுக்கு வரவில்லை, இரண்டாவதுக்கு வந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உளி ஒவ்வொன்றும் குழியில் கிடந்தது. வாய்ச்சியை உறையிலிருந்து உருவி, அதன் வெட்டுவாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். திரும்பச் செருகினாள்.

"உள்ள விடுங்க," என்றாள் சுப்பையாவிடம். "பூட்டுப் போட்டா மட்டும் பெட்டி குதிக்காம இருக்குமா?"

சுப்பையா குடையை விரித்தார், மடக்கினார். "சரிலா. நேரமாகுது, வாங்க."

"அம்மா," என்று ஆரோக்கியநாதன் நல்லம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். ஆப்பைத் தானே அடித்து இறுக்கினார். அன்று நடுப்பகலுக்குள் முதல் உத்தரம் சுவரேறியது.