கம்ப்யூட்டருக்கும் பட்டம் கட்டினார்

பட்டம் கட்டி ஒரு வாரம் முழுதாக ஆகவில்லை, மனாசேவுக்குத் தன் பெயர் மறந்துபோனது. யாராவது "மனாசே" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார்கள் போல என்று அக்கம்பக்கம் பார்ப்பார். இனி அவர் துயிமாலோ. குடும்பத்தின் பழைய தலைவர் பட்டம். நுண்பாய் பரப்பி, ஆவா என்ற சடங்குப் பானம் குடித்து, ஊரறிய வாங்கியது. அதே காலையில், அதே பட்டத்தை இன்னும் நான்கு பேரும் வாங்கினார்கள் என்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை. சவாயித் தீவில் இப்போது கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு தலைவர் மேல்தான் விழும்.

அவர் மனைவி மாசினா பள்ளிக்கூட டீச்சர். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். "நீ" போய் "நீங்க" வந்தது. தேவாலயத்தில் முன்வரிசைக்கு மாறியாயிற்று. சட்டியிலிருந்து சேப்பங்கிழங்கைத் தானே எடுத்துச் சாப்பிட்ட மனுஷனுக்கு இப்போது தட்டு எதிரே வந்து நிற்க வேண்டும். கடைசியில் அவர் கண் அவளுடைய கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

அது அவள் சம்பளத்தில் வாங்கியது. திறந்தால் "வருக, மாசினா" என்று காட்டும். வீட்டிலிருந்தபடியே மூன்று வருடம் மேற்படிப்புப் படித்து அவள் எழுதிய ஆய்வேடு அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் மூன்று வருடமும் வீண். கைக்கு எட்டியிருந்த தலைமையாசிரியை வேலையும் போய்விடும்.

"ஒரு துயிமாலோ வீட்டு மெஷின், பொம்பளை பேரைச் சொல்லி வரவேற்குது. ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு வேற வேலை இல்லையா?"

"மாத்துன்னா மாத்து."

வாக்குவாதத்துக்கு நேரமில்லாமல் மாற்றினாள். கணக்கின் பெயரை அழித்துப் புதுப் பெயரை அடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் மெஷினை மூன்று தடவை அணைத்துத் திறந்து, "வருக, துயிமாலோ" என்பதை ரசித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அவ்வளவு நேரம் ரசிக்காது.

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் முடிந்ததும், பட்டம் கட்டிய படங்களைக் காட்ட நாலைந்து தலைவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தார். படங்கள் இருந்த கோப்புறையின் தலைப்பில் இன்னும் "மாசினா" என்றே இருந்தது. கணக்கின் பெயரை மாற்றினால் கோப்புறையின் பெயர் தானாக மாறாது. அதைப் பேச்சுக்காரத் தலைவர் ஒருவர் பார்த்துவிட்டார். சபையில் பேசுவதுதான் அவர் தொழில். வாய் சும்மா இருக்குமா?

"வாசல்ல பலகை மட்டும்தான் உன் பேர்ல போல. வீடு சம்சாரம் பேர்லயே இருக்கே!"

வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மனாசேவும் சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வியாழக்கிழமை மாசினா பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து வேலையில் இறங்கினார். குடித்த குவளையை நகர்த்தி வைக்காத கை அன்றைக்கு உழைத்தது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, முழு அதிகாரத்தோடு தனக்கென்று ஒரு கணக்கைத் திறந்தார். அதன் வழியாக உள்ளே போய் "மாசினா" கோப்புறையைத் "துயிமாலோ" ஆக்கினார். பட்டமில்லாதவளுக்கு எதற்கு அதிகாரம் என்று அவள் கணக்கின் அதிகாரத்தையும் பிடுங்கினார். இப்படிச் செய்யாதீர்கள், செய்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று அந்த வீடியோ கடைசியில் சொல்லியிருந்தது. அடுத்தவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பழக்கம் அவருக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

மூன்று மணிக்கு வந்து மாசினா கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரை துடைத்துவிட்டது போல் கிடந்தது. ஆய்வேடு இல்லை, குறிப்புகள் இல்லை, ஒன்றுமே இல்லை. பென்டிரைவில் முதல் இரண்டு அத்தியாயம் மட்டும்தான் இருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

அவர் பெருமையாகவே சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கணக்கு பழைய பெயருள்ள கோப்புறையைத் தேடுகிறது. அது கிடைக்காமல் வெறுந்திரையைக் காட்டுகிறது. பெயரைத் திருப்பி மாற்றினால் எல்லாம் வந்துவிடும். அதற்கு அவருடைய கடவுச்சொல் வேண்டும்.

"சொல்லுங்க, நானே மாத்திக்கிறேன்."

"வெச்ச பட்டத்தை எடுக்கிறதா? அதுக்குக் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. பொண்டாட்டி கேட்டான்னு எடுக்க முடியாது."

"நாளைக்கு மதியம் அனுப்பணும். மூணு வருஷ உழைப்புங்க."

"பட்டம் முந்நூறு வருஷம்."

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. வெளியே போய் ஒரே ஒரு ஃபோன் செய்தாள்.

ஐந்து மணி பஸ்ஸில் பெலேனாதோ வந்து இறங்கினான். மனாசேயின் சித்தப்பா மகன். சந்தைப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. கையில் ஸ்க்ரூடிரைவர் பை இருந்தது. அதைத் திறக்கவே இல்லை. சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணே, மெஷினுக்கு நம்ம பட்டத்தை வெச்சியாமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"யாரைக் கேட்டு வெச்ச?"

மனாசே மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானும் துயிமாலோதான். அதே பாயில உக்காந்து அதே ஆவாவைக் குடிச்சவன். அஞ்சு பேருக்கும் பொதுவான பட்டத்தை ஒருத்தரா தூக்கி ஒரு தகர டப்பாவுக்குக் கொடுத்திருக்க. குடும்பம் கூடாம பட்டம் கொடுக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?"

"அது... சும்மா ஒரு பேருதானே, தம்பி."

"சும்மா பேரா? இதை அப்படியே சபையில சொல்லட்டுமா? இல்ல, குடும்பத்தைக் கூட்டுவோம். கூட்ட வெச்சவன்தான் பன்னி அடிச்சு விருந்து போடணும்."

மனாசே கடவுச்சொல்லைச் சொன்னார். துயிமாலோ, அப்புறம் எண் 1. பெலேனாதோ சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோப்புறை மறுபடி "மாசினா" ஆனது. மெஷினை அணைத்துத் திறந்ததும் ஆய்வேடு நூற்றுப்பத்துப் பக்கமும் அப்படியே வந்து நின்றது. மாசினா முதலில் அழுதாள். அழுது முடித்துப் புருஷனைப் பெயர் சொல்லியே திட்டினாள். பட்டப்பெயர் அல்ல, பழைய பெயர். அவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

பெயரும் அதிகாரமும் மாசினா கணக்குக்குத் திரும்பிவிட்டன. அண்ணன் மனம் நோகக் கூடாது என்று குடும்பத்தில் மற்ற மூன்று பேரிடமும் ஃபோனில் சம்மதம் கேட்டு, பெலேனாதோ அவருக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்துக் கொடுத்தான். எழுத்து பெரிது, பின்னால் கடற்கரைப் படம், "வருக, துயிமாலோ". உள்ளே ஒரு கோப்பு கிடையாது. எதையும் மாற்றுகிற அதிகாரமும் கிடையாது.

அடுத்த ஊர்க்கூட்டம் முடிந்ததும் தலைவர்களை மறுபடி அழைத்து வந்து காட்டினார். பேச்சுக்காரத் தலைவர் குனிந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே, துயிமாலோ?"

"எப்படி இருக்கும்?" என்றார் மனாசே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "இதுல யாரும் வேலை செய்யறதில்ல. முழுக்க முழுக்க என்னோடது."