கடைசி ஓவரில் ஒரு மறுகா

மர்ஷூதாவுக்கு இந்தத் துனியாவில் வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். மறுகா? அவ்வளவுதான்.

எங்கள் கரையில் கதை கேட்கிற எந்தப் பிள்ளையும், சொல்கிறவர் மூச்சுவிடக் கொஞ்சம் நிறுத்தினால் ‘மறுகா?’ என்றுதான் கேட்கும். பிறகு என்ன நடந்தது, கெதியாகச் சொல், தண்ணியைப் பிறகு குடிக்கலாம் என்ற அத்தனை அவதியும் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளை ஒன்று தன் நாவலைப் பற்றி அப்படிக் கேட்டுவிட்டால் போதும், வேறு பரிசும் வேண்டாம் பொன்னாடையும் வேண்டாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

பொன்னாடை கிடைத்துவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மர்ஷூதா மருதமுனைக்காரி. வயது இருபத்தாறு. பகலில் அபிவிருத்தி உத்தியோகத்தர், மற்ற நேரமெல்லாம் எழுத்தாளர். அவள் எழுதிய ‘அலைமேல் சபூறா’ பதின்ம வயசுப் பிள்ளைகளுக்கான நாவல். சபூறா என்ற பதினாறு வயசுப் பெட்டை தன் காக்காவின், அதாவது அண்ணனின், மோட்டார் சைக்கிளைக் களவாக எடுத்துக்கொண்டு, அலைமேல் பலகை ஓட்ட அறுகம்பேக்குப் போகிறாள். வழியில் அவள் படுகிற பாடுதான் கதை. வெளியீட்டு விழா என்னவோ அமர்க்களமாக நடந்தது. மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பேசினார்கள். அத்தனை பேரும் ‘இன்றைய இளைஞர்கள் வாசிப்பதில்லை’ என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையைக் கேட்க மண்டபத்தில் இளைஞர் என்று இருந்தவர்கள் கதிரை அடுக்க வந்த இரண்டு பேர். அவர்களும் சிற்றுண்டி முடிந்ததும் போய்விட்டார்கள்.

அதன் பிறகு மர்ஷூதா சும்மா இருக்கவில்லை. டிக்டொக்கில் புத்தகத்தைக் காட்டிப் பேசினாள். பின்னால் வீட்டுப் பூனை மதிலிலிருந்து தவறி விழுந்ததால் காணொளி ஊரெல்லாம் ஓடியது. பூனையின் பெயரைக் கேட்டு நூறு பேர் எழுதினார்கள், புத்தகத்தின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவளுக்குச் சுட்டது வீட்டுக்குள் நடந்தது. தம்பி றமீஸ் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை மட்டையும் கையுமாகத் திரிகிறவன். அவனுடைய மேசை ஃபேன் கழுத்து உடைந்து எந்நேரமும் தலை கவிழ்ந்தே கிடக்கும். றாத்தா மர்ஷூதா ஆசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாவலை அவன் அந்த ஃபேனின் அடியில் அண்டை கொடுத்தான். ஃபேன் தலை நிமிர்ந்தது, காற்று முகத்துக்கு வந்தது.

“சரியான தடிப்பு றாத்தா. அளந்து செஞ்ச மாதிரி இரிக்கி” என்று மெச்சவும் செய்தான்.

“ஒரு பக்கமாச்சும் வாசிச்சயாடா?”

“பந்த விட்டா வேற ஒண்டும் என்ட மண்டைக்குள்ள ஏறாது. தெரியும்தானே.”

பெரியம்மா மகள் றாஹிலா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “வீட்டுக்குள்ள இரிக்கிற ஒருத்தன வாசிக்க வைக்க ஏலல்ல, நீ ஊர வாசிக்க வைக்கப் போறயாகா?” என்றாள். சிரிப்பு நின்ற பிறகும் அந்தக் கேள்வி மர்ஷூதாவின் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. இளசுகள் மண்டபத்துக்கு வராவிட்டால் என்ன, இளசுகள் இருக்கிற இடத்துக்குப் புத்தகம் போகட்டும். வருகிற சனிக்கிழமை கடற்கரை மைதானத்தில் இறுதிப் போட்டி. இந்தப் பக்கம் றமீஸ் விளையாடும் புளூ கிராப்ஸ், அந்தப் பக்கம் கல்முனை றொனியின் மோர்னிங் பெல்ஸ். பொடியன்மார் முழுக்க மைதானத்தில் நிற்பார்கள், பெட்டைகள் முழுக்கச் சுற்றியுள்ள வீடுகளின் மேல்மாடியில் நிற்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒலிபெருக்கி. அதன் முன்னால் மைக் கச்சி.

மைக் கச்சி என்கிற கச்சிமுகம்மதைத் தெரியாதவர் அந்தக் கரையில் இல்லை. காலையில் மீன் ஏலம் கூறுவார், பின்னேரம் கிரிக்கெட் வர்ணனை செய்வார். இரண்டுக்கும் ஒரே குரல்தான். ஓவருக்கு ஓவர் அனுசரணைக் கடைகளின் பெயரை அவர் வாசிக்கிற வாசிப்பில், செருப்புத் தேவையில்லாதவனும் செருப்பு வாங்கப் புறப்படுவான். மர்ஷூதா அவருடன் போனில் கதைத்து, இரண்டு வரி அறிவித்தல் எழுதி, இன்னொரு புத்தகத்துக்குள் வைத்து, றமீஸின் கையில் கொடுத்தனுப்பினாள். கொடுத்தனுப்பிய ஆள்தான் பிழை. அவன் புத்தகத்தைக் கால்கவசங்களோடு சேர்த்துப் பைக்குள் திணித்தான். மைதானத்தில் எடுத்து உதறியபோது அறிவித்தல் துண்டு சோளகக் காற்றோடு போய்விட்டது. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. வெறும் புத்தகத்தைக் கச்சியின் மேசையில் போட்டுவிட்டுப் போனான்.

மர்ஷூதா றாஹிலாவின் மேல்மாடியில் பெட்டைகளோடு நின்றாள். ஓவர்கள் போயின. செருப்புக்கடை வந்தது, ஐஸ்கிறீம் கடை வந்தது, சபூறா வரவில்லை. போட்டி கடைசி ஓவருக்கு வந்துவிட்டது. பந்து வீசுவது றொனி, அடிப்பது றமீஸ். கடைசிப் பந்துக்கு முந்திய பந்தை றமீஸ் தூக்கி ஒரு விளாசு விளாசினான். அது எல்லோருடைய தலைக்கும் மேலால் பறந்து, கரைவலைத் தோணியைத் தாண்டி, நேரே கடலுக்குள் விழுந்தது. ஆறு! மைதானம் பைத்தியமானது. இன்னும் ஒரு பந்து, அதில் நாலு அடித்தால் கிண்ணம் புளூ கிராப்ஸுக்கு.

ஆனால் பந்து எங்கே? இருந்த மற்றப் பந்துகளையெல்லாம் ஏற்கெனவே கடலுக்குத் தாரை வார்த்தாயிற்று. இரண்டு பேர் சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நீந்தப் போனார்கள். பந்து அவர்களைவிட நன்றாக நீந்தியது.

கச்சிக்கு மௌனம் ஆகாது. மைக்கில் சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். இருந்த கடைகளையெல்லாம் மறுபடி ஒரு சுற்று வாசித்தார். அதுவும் முடிந்தது. அப்போது மேசையில் கிடந்த புத்தகத்தைக் கண்டார். துண்டைத் தேடினார், இல்லை. என்ன செய்வது என்று நடுவால் விரித்தார், கண்ணில் பட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“ரசிகப் பெருமக்களே! இதோ சபூறா! கோமாரிப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார்! வேகமாக வந்துகொண்டிருக்கிறார்! விடியச் சாமம், றோட்டில் ஒரு குஞ்சு குருமான் இல்லை... ஆகா! இஞ்சின் நின்றுவிட்டது! பெற்றோல் முடிந்துவிட்டது! என்ன ஒரு துரதிர்ஷ்டம்!”

மர்ஷூதா தலையில் கை வைத்தாள். “அல்லாவே, நடுவுக்கிருந்து வாசிக்கிறாரே! அந்த ‘என்ன ஒரு துரதிர்ஷ்டம்’ என்ட புத்தகத்திலேயே இல்லகா!”

“இரிந்திரிக்கணும்” என்றாள் றாஹிலா, கண்ணை எடுக்காமல்.

“சபூறா இறங்குகிறார். சைக்கிளைத் தள்ளுகிறார். தள்ளிக்கொண்டே வருகிறார். காக்கா எழும்பியிருப்பாரா? சைக்கிளைத் தேடியிருப்பாரா? தெரியாது! முன்னால் ஏதோ கறுப்பாக நிற்கிறது. மரமா? மரம் இல்லை. மரம் அசையாது. இது அசைகிறது. யானை! தனி யானை! ஒற்றைக் கொம்பன்!”

மைதானத்தில் கச்சான் கடலை உடைக்கிற சத்தம் நின்றது. மேல்மாடியில் குசுகுசுப்பு நின்றது. மர்ஷூதாவுக்குக் கால் இரண்டும் தரையில் பாவவில்லை. நீந்தப் போனவர்கள் பந்தோடு கரையேறி, “பந்து! பந்து!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

“பொத்துடா வாய!” என்றது மைதானம்.

“யானை காதை விரிக்கிறது” என்றார் கச்சி. “தும்பிக்கையைத் தூக்குகிறது. சபூறா மெல்ல, மெல்ல, தன் சட்டைப் பைக்குள் கையை விடுகிறார்...” அந்த இடத்தில் அவர் எச்சில் விழுங்கினார்.

“மறுகா?”

முதலில் கேட்டது மர்ஷூதாவின் பக்கத்தில் நின்ற ஒரு பெட்டைதான். அடுத்த நிமிசம் மேல்மாடிகள் எல்லாம் கேட்டன. கீழே மைதானம் முழுவதும் ஒரே தொண்டையாகக் கேட்டது. மறுகா? மறுகா? ஒரு சொல்லுக்கு ஏங்கிக் கிடந்தவளுக்கு அது வண்டில் கணக்கில் வந்து கொட்டியது. அவள் றாஹிலாவின் கையைக் கிள்ளினாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, எதற்கு வழி விடுவதென்று தெரியாமல் மறுபடியும் கிள்ளினாள்.

நடுவர் நேசராசா சேர் மெதடிஸ்த ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவருக்குக் கூட்டத்தை அடக்கத் தெரியும். கையை உயர்த்தினார்.

“மஃரிபு பாங்குக்கு முதல் முடிக்கோணும். முதல்ல பந்து, மறுகா யானை! கச்சிக் காக்கா, மைக்க நிப்பாட்டுங்க.”

கச்சி மைக்கை நிறுத்தினார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. றொனி ஓடி வந்தான், பாதி வழியில் நின்றான்.

“சேர், ஒரு நிமிசம். அந்தப் பைக்குள்ள என்ன இருந்த?”

“பந்தப் போடு றொனி!”

றொனி மறுபடி ஓடி வந்தான். றமீஸ் மட்டையை ஊன்றிக் குனிந்து நின்றான். பந்தை விட்டால் வேறொன்றும் மண்டைக்குள் ஏறாதவன், பந்தையேதான் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து றொனியின் கையை விட்டுப் புறப்பட்ட அதே கணத்தில், மேசையில் தனக்குள் வாசித்துக்கொண்டிருந்த கச்சிமுகம்மது தன்னை மறந்து துள்ளி எழும்பினார்.

“யா அல்லாஹ்! இப்பிடியும் செய்வாளா!”

ஏலம் கூறிய தொண்டைக்கு மைக் எதற்கு? றமீஸின் தலை திரும்பியது. பந்து நடு விக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

மோர்னிங் பெல்ஸ் றொனியைத் தூக்கிக்கொண்டு ஆடியது. பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. எல்லோரும் கலைந்தார்கள். போகும்போது ஒருவன், “கப்பக் கொண்டு போனது றொனி இல்ல மச்சான், யானை” என்று சொல்லிக்கொண்டு போனது மேல்மாடிவரைக்கும் கேட்டது. மர்ஷூதாவின் சந்தோசம் பொசுக்கென்று அணைந்தது. தம்பி ஒரு வருசமாகக் கனவு கண்ட கிண்ணம் அது. வேலியில் போன ஓணானைப் பிடித்து அவனுடைய மடியில் விட்டவள் அவள்தான்.

தொழுகை முடிந்த கையோடு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று உம்மா நடுங்கினா. மர்ஷூதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முன்னால் நின்றவன் றொனி, கையில் கிண்ணம்.

“அக்கா, வேணுமெண்டா இந்தக் கப்ப வச்சிக்கொள்ளுங்க. அந்தப் பைக்குள்ள என்ன இருந்ததெண்டு மட்டும் சொல்லுங்க. கச்சிக் காக்கா சொல்றாரில்ல. புத்தகத்த மடிக்குள்ள வச்சிக்கொண்டு ஓடிட்டார்.”

மர்ஷூதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதம் தலையணையில் வாயைப் பொத்தி ஒத்திகை பார்த்த பதில் அவளிடம் இருந்தது. “புத்தகத்தில இரிக்கி” என்றாள்.

விற்காமல் வீட்டில் கிடந்த புத்தகப் பெட்டிகள் திறந்தன. றாஹிலா தன் போனில் வந்து குவிந்த செய்திகளைக் காட்டி, மேல்மாடிப் பெட்டைகளுக்கென்று ஒரு கட்டுப் புத்தகத்தை முதலே ஒதுக்கிக்கொண்டாள். மிச்சத்தைப் பொடியன்மார் வாசல் விளக்கடியில் பிரித்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே கோமாரிப் பக்கத்தைத் தேடினார்கள். அவர்களை முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டியது. கடைசிப் பெட்டியின் அடித்தட்டும் தெரிந்தது. அவள் காற்றில் நடந்தாள்.

அந்த நேரம் றமீஸ் வந்தான். கால்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினான். மர்ஷூதாவின் கால் தரைக்கு இறங்கியது. எல்லோரையும் அனுப்பிவிட்டு அவள் போய்க் கதவைத் தட்டினாள்.

“தம்பி...”

“உன்ட யானையாலதான் கப் போச்சு.”

“ஓம் மனே. மாப்புத் தாடா. நான் நினைச்சிருக்கவே இல்ல...”

கதவு திறந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. அவன் றாத்தாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். பிறகு, உலகத்திலேயே கேட்கப் பிடிக்காத ஒன்றைக் கேட்கிறவன்போல, மெல்லக் கேட்டான்.

“மறுகா?”

மைதானம் முழுவதும் கேட்டபோதும் அழாதவள், இந்த ஒற்றைக் குரலுக்கு ஓவென்று அழுதுவிட்டாள்.

“ஏன் அழற? ஒரு புத்தகம் தா, பார்ப்பம்.”

“முடிஞ்சுடா” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “உன்ட ஃபேனுக்கு அடியில இரிக்கிறது மட்டும்தான் மிச்சம்.”

றமீஸ் ஃபேனைப் பார்த்தான். அது தலை நிமிர்ந்து நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. அவன் போய்ப் புத்தகத்தை உருவினான். ஃபேன் தலையைக் கவிழ்த்துத் தரைக்கு வீசத் தொடங்கியது. அவன் கால்கவசத்தோடே கட்டிலில் சாய்ந்து, வேர்க்க வேர்க்க, முதலாம் பக்கத்தைத் திறந்தான்.